அலையையும் உயிரையும் அளந்த ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ்

கண்ணுக்குத் தெரிகின்ற பகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பகையே மனிதனை அதிகம் அச்சுறுத்துகிறது. பேய்களும் பிசாசுகளும் நம் தெருக்களைவிட்டு வெளியேறி வெகுகாலம் ஆகிவிட்டது. அவை காலி செய்த வீட்டில் இன்று கதிர்வீச்சு என்ற சொல் குடிவந்திருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் சிட்டுக்குருவி குறைந்துபோனதற்குச் செல்போன் கோபுரமே காரணம் என்பார் ஒருவர். தியாகராய நகரில் அடுத்த வீட்டு மொட்டைமாடியில் கோபுரம் எழுந்த நாள்முதல் தமக்குத் தலைவலி தீரவில்லை என்பார் மற்றொருவர். அடையாற்று அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, வாடகை வருகிறது, கோபுரம் இருக்கட்டும் என்று ஒரு சாராரும், குழந்தைகள் வாழும் இடம், உடனே அகற்ற வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதாடுவர். சென்னையைக் களமாகக் கொண்டு 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘2.0’ திரைப்படம் இந்த அச்சத்தை வெள்ளித்திரைக்கே கொண்டுபோய்விட்டது.

இயற்பியல் மாணவன் என்ற ஒரே காரணத்தால் என்னிடமும் இந்த வழக்கு அடிக்கடி வருகிறது. வானொலி அலை உடலைக் கெடுக்குமா, கெடுக்காதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பைத் தேடிப் புகுந்தபோது ஓர் இந்தியக் கல்லூரி ஆசிரியரின் வாழ்க்கை என் முன் விரிந்தது. இன்று நாம் அஞ்சுகின்ற அதே இனத்து அலைகளை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தம் கையால் உண்டாக்கியவர் அவர். அவற்றை உயிருள்ள உடலின் எதிரே நிறுத்தி, நிகழ்வது என்ன என்று அளந்து பார்த்தவரும் அவரே. அவர்தாம் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ். செடிக்கு உயிர் உண்டு என்று காட்டியவர் என்று மட்டும் பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அந்தப் பெருமகனின் முழு வாழ்வையும் தெரிந்துகொள்வது நம் வழக்குக்குப் பெரிதும் உதவும்.

இளமை

இன்றைய வங்கதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங்கில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அத்தகைய அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் சேர்வதே வழக்கம். பகவான் சந்திரரோ, ஆங்கிலத்துக்கு முன் தாய்மொழியும் தன் மக்களும் மகனுக்குத் தெரிய வேண்டும் என்று கருதி, வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே அவருக்கு ஒரு பக்கம் ஏவலாளர் ஒருவரின் மகனும், மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தார்கள். நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் சொல்லக் கேட்ட கதைகளே இயற்கையின்மீது தமக்கு முதல் ஆவலை மூட்டின என்று பிற்காலத்தில் போஸ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பின்னர்க் கல்கத்தாவில் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லஃபோன் என்னும் பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் அவரை இயற்பியலின்பால் ஈர்த்தன. ஆயினும் 1880இல் அவர் இலண்டனுக்குக் கப்பலேறியது மருத்துவம் படிப்பதற்கே. முன்பே பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிண அறுவைக் கூடத்தின் நெடி அதை மேலும் வளர்த்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்று இயற்கை அறிவியல் படித்தார். ஒலியையும் அலையையும் ஆராய்ந்து புகழ்பெற்ற ரேலி பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மனித உடலைப் படிக்க முடியாமல் போன இளைஞர் அலையைப் படிக்கத் தொடங்கினார். அந்த அலையோ, பிற்காலத்தில் அவரை மீண்டும் உயிரியலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

சென்னையில் படித்த துணைவி

1885இல் தாயகம் திரும்பிய போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அறிவியலைத் துல்லியமாகக் கற்பிக்க இந்தியரால் இயலாது என்று ஆட்சியாளர் பலர் எண்ணியிருந்த காலம் அது. ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் வாதாடவில்லை, மேடை ஏறி முழங்கவும் இல்லை. வகுப்புகளை ஒன்றுவிடாமல் நடத்தினார். மாதந்தோறும் வந்த ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் இப்படியே சென்றன. இறுதியில் கல்வித் துறை இறங்கிவந்து பணியை நிலைப்படுத்தி, முழு ஊதியத்தையும் பின்தேதியிட்டு வழங்கியது. அத்தொகை தந்தையார் பட்டிருந்த கடனை அடைக்கப் பயன்பட்டது.

அந்த வறுமையான நாள்களில், 1887ஆம் ஆண்டில், அவரை மணந்தவர் அபலா தாஸ். இந்த அம்மையாரின் பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகளாகிய நாம் சற்று நிமிர்ந்து உட்காரலாம். மருத்துவம் படிக்க விரும்பிய அவருக்குப் பெண் என்பதால் கல்கத்தாவில் இடம் கிடைக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. எனவே 1882இல் வங்க அரசின் உதவித்தொகை பெற்று அபலா சென்னைக்கு வந்து படித்தார். உடல்நலம் இடங்கொடாமையால் பட்டம் பெறும் முன்பே திரும்ப நேர்ந்தது. கணவர் இலண்டனில் விட்ட படிப்பை மனைவி சென்னையில் விட்டார். நோயினால் மருத்துவத்தை இழந்த இருவர் வாழ்க்கையில் இணைந்தார்கள். பிற்காலத்தில் அபலா அம்மையார் 1919இல் பெண்கல்விக் கழகம் ஒன்றை நிறுவி, வங்கத்துச் சிற்றூர்களில் பள்ளிகள் பல தோன்றக் காரணமாக இருந்தார்.

சிறிய அறையும் சின்ன அலையும்

ஒளியும் மின்னும் காந்தமும் ஒரே குடும்பம் என்று மாக்ஸ்வெல் 1860களில் கணக்கால் காட்டினார். அந்தக் கணக்கு சொன்ன அலைகளை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1887-88இல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். ஹெர்ட்ஸின் அலைகள் அரை மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் உடையவை. அவற்றை வளைக்கவும் திருப்பவும் ஆள் உயரத்துக்குக் கருவிகள் வேண்டியிருந்தன. ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்த போஸுக்கு 1894இல் ஓர் எண்ணம் உதித்தது. அலையைச் சிறிதாக்கிவிட்டால் கருவியும் சிறிதாகும். ஒளியைக்கொண்டு செய்யும் சோதனைகளை எல்லாம் மேசைமேலேயே இந்த அலையைக்கொண்டும் செய்யலாம் அல்லவா?

கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது எதுவும் அவருக்கு இல்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறைதான் கிடைத்தது. பயிற்சி பெற்ற கருவிக் கலைஞர்கள் இல்லை. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார். அதற்கான செலவும் பெரும்பாலும் சொந்தப் பணமே. அங்கிருந்து புறப்பட்ட அலையின் நீளம் ஐந்து மில்லிமீட்டர்! இன்றைய கணக்கில் ஏறத்தாழ 60 கிகாஹெர்ட்ஸ். அவருடைய கருவிகளில் இருந்த புனல் வடிவ வாயையே இன்று கொம்பு அன்டெனா என்கிறோம். அலையை ஏந்திச் சென்ற உலோகக் குழாய் இன்றைய அலைவழிப்படுத்தியின் முன்னோடி. அலையின் தளவிளைவைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? இரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! முறுக்கிய சணல் கற்றைகளின் வழியே அலையைச் செலுத்தி, அதன் அதிர்வுத் தளம் திரும்புவதையும் காட்டினார். வங்கத்து வயலில் விளைந்த சணலுக்கு இப்படியும் ஒரு பெருமை வாய்த்தது.

1895 மே மாதம் அவருடைய முதல் ஆய்வுரை ஆசியச் சங்கத்தில் படிக்கப்பட்டது. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் தேர்வு ஏதும் வைக்காமலேயே அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29ஆம் நாள் இலண்டன் இராயல் நிறுவனத்தின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தினார். ஊதியத்தில் பாதிக்குத்தான் தகுதி என்று மதிக்கப்பட்டவருக்கு அறிவுலகம் தந்த முழு மதிப்பு அது.

உடலை எதிர்கொண்ட அலை

நம் வழக்குக்கு நேரடிச் சான்றாகும் நிகழ்ச்சி 1894-95 காலத்தில் கல்கத்தா நகர மண்டபத்தில் நடைபெற்றது. ஒரு கூடத்தில் அலையை எழுப்பும் கருவி. சுமார் 75 அடி தள்ளி, மூன்றாவது அறையில் அலையை வாங்கும் கருவி. இடையே மூன்று சுவர்கள். சுவர்களோடு நிற்காமல், தலைமை தாங்கிய துணைநிலை ஆளுநரின் பருத்த உடலும் அலையின் பாதையில் இருந்தது! போஸ் கருவியை இயக்கினார். கண்ணுக்குத் தெரியாத அலை அப்பால் சென்று ஒரு கனமான குண்டை விழச் செய்தது. துப்பாக்கியை வெடிக்கச் செய்தது. சிறு வெடிமருந்துக் குவியலையும் பற்றவைத்தது. மண்டபமே வியந்தது. ஆளுநருக்கோ ஒன்றும் ஆகவில்லை.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்குள் ஒரு கேள்வி எழ வேண்டும். அலை உண்மையிலேயே அவர் உடலைத் துளைத்துக்கொண்டா போனது? இன்று நாம் அறிந்தவரை, அலைநீளம் சிறுகச் சிறுக உடலுக்குள் அது புகும் ஆழமும் குறைகிறது. நம் உடலில் பாதிக்கு மேல் நீர். நீர் இந்த அலைகளை நன்றாக விழுங்கும். ஐந்து மில்லிமீட்டர் அலை தோலில் அரை மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். ஆகவே அன்று மூன்றாம் அறையை எட்டிய ஆற்றலில் பெரும்பங்கு அவருடைய உடலைச் சுற்றி வளைந்தோ, சுவர்களில் பட்டுத் திரும்பியோ சென்றிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். இதனால் போஸின் பெருமை குறைந்துவிடாது. மனித உடல், வானொலி அலை இரண்டையும் பொதுமக்கள் கண்முன் எதிரெதிரே நிறுத்திக் காட்டிய முதல் சோதனைகளுள் அது ஒன்று.

ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் தார்சோன்வால் என்ற மருத்துவ அறிஞர் வேறொரு வாயிலைத் திறந்துகொண்டிருந்தார். மெதுவாக அதிரும் மின்சாரம் தசையை இழுத்து வலிக்கச் செய்கிறது. அதிர்வெண்ணைப் பல இலட்சமாக உயர்த்திவிட்டால் அதே மின்சாரம் தசையை அசைக்காமல் வெப்பத்தை மட்டும் தருகிறது என்று 1890களின் தொடக்கத்தில் அவர் கண்டார். இன்று மூட்டுவலிக்காரருக்கு முடநீக்கியல் நிலையத்தில் தருகின்ற ஷார்ட் வேவ் டயதெர்மி சிகிச்சை அந்த வழியில் வந்ததே.

களைத்துப்போன கருவி

போஸ் உயிரியலுக்குள் நுழைந்த கதை சுவையானது. அலையை வாங்கும் கருவிக்கு அந்நாளில் கோஹீரர் என்று பெயர். உலோகத் துகள்களோ சுருள்கம்பிகளோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அமைப்பு அது. போஸ் அதில் பல திருத்தங்கள் செய்தார். இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு தாம் அமைத்த கருவியைப் பற்றி 1899இல் இராயல் கழகத்துக்கு எழுதினார். கலீனா என்ற ஈயக் கனிமத்தைக் கொண்டு அமைத்த கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கண்டுபிடிப்பைப் பணமாக்க விரும்பாத அவர், நண்பர்கள் வற்புறுத்தியதால் மட்டுமே அதற்கு இசைந்தார்.

நாள் முழுதும் வேலை வாங்கினால் இந்தக் கருவியின் கூர்மை மழுங்கிவிடுவதை அவர் கவனித்தார். சிறிது ஓய்வு கொடுத்தாலோ மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். வேறொருவராயின் கருவியில் குறை என்று சொல்லி மாற்றியிருப்பார். போஸ் அந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கினார். களைத்த தசையின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன! உயிரற்ற உலோகத்துக்கும் களைப்பு உண்டா? தூண்டினால் துடிப்பது உயிருக்கு மட்டும் உரிய குணமா? இந்தக் கேள்விகளோடு அவர் 1900இல் பாரிஸ் மாநாட்டுக்குச் சென்றார். அப்போது பாரிஸில் இருந்த விவேகானந்தர் தம் நாட்டவரின் வெற்றியைக் கண்டு பூரித்தார். மூன்றாண்டுகளுக்கு முன் நம் கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கிச் சென்னை மக்களை எழுப்பிய அதே விவேகானந்தர்தாம் அவர்.

1901இல் இலண்டனில் எதிர்ப்புக் கிளம்பியது. உயிரியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன், இயற்பியலார் தம் எல்லையோடு நிற்க வேண்டும் என்ற தோரணையில் மறுத்தார். இராயல் கழகம் அந்தக் கட்டுரையை அச்சேற்றவில்லை. போஸ் மனம் தளரவில்லை. தம் சோதனைகளை லின்னேயன் கழகத்தின் முன் செய்துகாட்டி வெளியிடச் செய்தார். 1902இல் உயிருள்ளவற்றின் எதிர்வினையையும் உயிரற்றவற்றின் எதிர்வினையையும் ஒப்பிடும் அவருடைய நூல் வெளிவந்தது.

செடியிடம் கேட்ட கேள்வி

அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் செடிகளோடு வாழ்ந்தார். நாம் விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கும் தொட்டாற்சுருங்கியும், தானாகவே இலையை அசைக்கும் தொழுகண்ணியும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் மாணவர்களைப் போல வரிசையாக நின்றன. செடியின் அசைவைச் செடியே எழுத வேண்டும், பார்ப்பவரின் ஆசை அதில் கலந்துவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதற்காகப் புகையேற்றிய கண்ணாடியில் மெல்லிய முள் ஒன்று புள்ளி புள்ளியாகப் பதியும் கருவியை அமைத்தார். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தையும் அதனால் அளக்க முடிந்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் பிறந்தது.

1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிப் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கேதான் அவருடைய இரு காதல்களும் ஒன்று சேர்ந்தன. இளமையில் தாம் எழுப்பிய கம்பியில்லா அலையை முதுமையில் தாம் வளர்த்த செடியின்மீது செலுத்தினார். வளர்ச்சி அளவியைப் பக்கத்தில் வைத்தார். மெலிந்த அலை வளர்ச்சியைச் சற்று விரைவுபடுத்துகிறது, வலிய அலை வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்த முடிவு எல்லோரும் ஏற்ற உண்மையாக இன்றுவரை நிலைபெறவில்லை. உலோகத்தையும் உயிரையும் ஒரே வரிசையில் வைத்த அவருடைய விளக்கமும் அப்படியே. செடிக்குள் மின் குறிப்புகள் ஓடுகின்றன என்ற அவருடைய கருத்தையோ இன்றைய தாவரவியல் ஏற்றுக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அலை உயிரைத் தொடுகிறதா என்ற கேள்வியை அவர் எந்த அளவு அலை, எந்த உயிர், எவ்வளவு மாற்றம் என்று பிரித்துக் கேட்டார். மெலிந்ததும் வலியதும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்த்தது அந்த முறையால்தான்.

இன்றைய விடை

போஸின் முறையிலேயே நம் தெருவழக்கையும் பிரித்துக் கேட்போம். முதலில், இந்த அலை அணுவை உடைக்குமா? எக்ஸ் கதிருக்கு அந்த வலிமை உண்டு. உடலில் உள்ள அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்க ஏறத்தாழ 10 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். போஸின் ஐந்து மில்லிமீட்டர் அலையின் ஒரு துகளில் இருப்பதோ சுமார் 0.00025 எலெக்ட்ரான்வோல்ட், நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. செல்போன் அலை அதனினும் மெலிந்தது. நூறு பேர் ஆளுக்கொரு பிடி மணலை வீசினாலும் மரத்து மாங்காய் விழாது. அதற்குக் கல் ஒன்று வேண்டும்.

அடுத்து, வெப்பம். ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட விளைவு இதுவே. அலை, உடலின் நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுகிறது. நுண்ணலை அடுப்பில் சோறு சூடாவதும் இப்படித்தான். இரத்த ஓட்டம் அந்தச் சூட்டை வாங்கிச் சென்று தணிக்கிறது. இரத்த ஓட்டமில்லாத கண்வில்லை அவ்வாறு தணித்துக்கொள்ள முடியாது; எனவே மிக வலிய அலை கண்ணில் புரையை உண்டாக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில் ஆற்றல் புகுந்தால் உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி உயரும். பொதுமக்களுக்கான உலக வரம்பு அதில் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது கிலோவுக்கு 0.08 வாட். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 5 வாட்டுக்கும் குறைவு. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய உடல் தானாக எண்பது, நூறு வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது.

உடலின் அளவும் இங்கே கணக்கில் வரும். அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி உயரமுள்ள பொருள் நல்ல அன்டெனாவாகிவிடும். இந்தியாவிலேயே முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் நாள் சென்னையில்தான் தொடங்கியது. அந்தப் பண்பலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் பாதி ஏறக்குறைய நம் உயரம்! இதனால்தான் 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளுக்கு உலக வரம்பு மிகக் கடுமையாக வைக்கப்பட்டுள்ளது.

கோபுரங்களைப் பொறுத்தவரை, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது அனைத்துலக வரம்பு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்திய அரசு அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாகக் குறைத்தது. பனகல் பூங்காவில் நடுப்பகலில் நிற்பவர்மீது விழும் வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். வெயில் தோலோடு நின்றுவிடும், செல்போன் அலை சில சென்டிமீட்டர் உள்ளே செல்லும் என்ற வேறுபாட்டை மறக்கலாகாது. ஆயினும் அளவு எப்படிப்பட்டது என்பது புரியும். கோபுரத்தின் நேர்கீழே நிற்பவரைவிட, அன்டெனாவின் முகத்துக்கு எதிரே மிக அருகில் நிற்பவருக்கே ஆற்றல் மிகுதி. மொட்டைமாடியில் வண்ணம் பூசவும் தண்ணீர்த் தொட்டி கழுவவும் ஏறும் தொழிலாளியைத்தான் நாம் முதலில் எச்சரிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கோபுரம் தொலைவாகப் போனால், காதோடு ஒட்டியிருக்கும் செல்போன் தன் குரலை எட்டச் செய்ய அதிக ஆற்றலை வெளியிடும். கோபுரத்தை விரட்டியவர் கையிலிருக்கும் சிறு கோபுரத்தை வலுவாக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது, புற்றுநோய். 2011இல் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளைப் புற்றுநோய் விளைவிக்கலாம் என்ற ஐயப்பட்டியலில் வைத்தது. கற்றாழையின் முழு இலைச்சாறும் பின்னர் அதே பட்டியலில் இடம்பெற்றது. உலக நலவாழ்வு நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. குருவியின் குறைவுக்கும் கோபுரத்தைவிட, கூடுகட்ட இடம் தராத புதிய கட்டடங்களும், அருகிப்போன புழு பூச்சிகளும், தெருவில் சிந்தாத தானியமுமே வலுவான காரணங்களாகத் தோன்றுகின்றன. ஆய்வு முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை, அளப்பது தொடர்கிறது.

நமக்குரிய பாடம்

1917இல் சர் பட்டமும், 1920இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் பதவியும் போஸைத் தேடிவந்தன. அவருடைய கருவி காட்டும் அளவு உண்மைதானா என்று ஐயம் எழுந்தபோது, இலண்டனில் அறிஞர் குழு ஒன்றின் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டி ஐயத்தைத் தீர்த்த பின்னரே அந்த உறுப்பினர் பதவி உறுதியாயிற்று. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் அவர் மறைந்தார். எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை உலக மின்பொறியாளர் சங்கம் 2012இல் வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது முதல் நகரங்களுள் சென்னையும் ஒன்று. அச்சேவைக்காக அரசு ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, குளியலறை ஓரத்துச் சிறு அறையில் போஸ் ஆண்ட எல்லைக்குள்ளேயே அடங்கும்.

மாணவ நண்பர்களே! அச்சத்தைக் கேலி செய்வது எளிது. அச்சத்தை வளர்ப்பது அதனினும் எளிது. தலைவலி என்று சொல்லும் முதியவரின் வலி பொய்யல்ல. அதற்குக் காரணம் கோபுரமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அளவுமானியைக் கையிலெடுத்து விடை சொல்வதே போஸின் வழி. கோபுரங்களின் அலை அளவைப் பொதுமக்கள் அறிவதற்கென்றே மத்திய தொலைத்தொடர்புத் துறை 2017இல் ‘தரங் சஞ்சார்’ என்னும் தளத்தைத் தொடங்கியது. நம் கல்லூரி இயற்பியல் துறை ஓர் அளவுமானியைப் பெற்று, நாம் வாழும் தெருக்களின் மொட்டைமாடிகளில் நாமே அளந்து, அந்த எண்களை அடுத்த ஆண்டு மலரில் அச்சிட்டால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வரம்பை மீறிய இடம் ஒன்று இருந்தாலும் அதை ஊருக்கு எடுத்துச் சொல்வோம். இல்லையென்றால் ஒரு தெருவாவது நிம்மதியாக உறங்கட்டும்.